நிரந்தர உறுப்பினர் பேச்சியம்மா

செத்துப்போய் ஏழு மாதமான பேச்சியம்மா, நீலக் கடையில் துவரம்பருப்பு அடுக்குக்கு மேலே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிவஞானம் தள்ளுவண்டியை அப்படியே நிறுத்தினார். பின்னால் வந்த அம்மாள் இடித்துக்கொண்டு, "அரே பாபு, ராஸ்தா தோ" என்று வழி கேட்டு முணுமுணுத்தபடி சுற்றிப் போனாள். அவர் நகரவில்லை. ஆளுயர ஃபிளெக்ஸ். மெரூன் புடவை. கூப்பிய கை. காலடியில் கொட்டை எழுத்து:

‘இந்தப் பருப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை.’ திருமதி பேச்சியம்மா, நுகர்வோர் உறுப்பினர், தீவக விலை-தர ஒப்பீட்டு மன்றம். இந்த மாத ஒப்பீட்டில் தரத்துக்கு முதலிடம்.

இந்த மாதம் நவம்பர். பேச்சியம்மா போனது ஏப்ரலில். அவளுக்குக் கொள்ளி வைத்தவரே இவர்தான். அதுவும் போகட்டும், உயிரோடு இருந்த காலத்தில்கூட ‘குறை சொல்ல ஒன்றுமே இல்லை’ என்று அவள் சொன்னதில்லை. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் பருப்பைப் பற்றியும் சொன்னதில்லை, புருஷனைப் பற்றியும் சொன்னதில்லை.

குளிர்ப்பெட்டியிலிருந்து வந்த காற்று முழங்காலில் பட்டது. சிவஞானம் இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தார். வேறு ஏதோ ஒன்று சரியில்லை. கண் அவளுடையது. மூக்குத்தி அவளுடையது. பல்?

மூன்று வருடத்துக்கு முன்னால், இதே கடையில் வாங்கிய பருப்பில் கிடந்த கல்லைக் கடித்து, பேச்சியம்மாவின் மேல்வரிசை முன்பல் ஓரமாக உடைந்துபோனது. அன்றிலிருந்து அவள் போட்டோவுக்கு வாய் திறந்ததே கிடையாது. இந்தப் படத்தில் பல் முழுதாக, பளபளவென்று இருந்தது. யாரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பல்லையும் கட்டி, சிரிப்பையும் வரவழைத்திருந்தார்கள்.

பில் போடுகிற பெண்ணிடம் கேட்டார்.

"பேச்சியம்மா ஆன்ட்டியா? மாசாமாசம் அவங்கதானே அங்க்கிள் சொல்றாங்க. ரொம்ப நல்ல ஆன்ட்டி. எதிர்ல மஞ்சக் கடையிலகூட இருக்காங்க, பாருங்க."

சாலையைக் கடந்தார். மஞ்சள் கடையிலும் அவள் நின்றாள். அதே புடவை, அதே பல். ‘கொடுத்த காசுக்கு மதிப்பு என்றால் இதுதான்.’ இந்த மாத ஒப்பீட்டில் மதிப்புக்கு முதலிடம். தீவில் இருப்பது இரண்டே இரண்டு மலிவு விலைப் பேரங்காடிகள். இரண்டுக்கும் முதலிடம் கிடைத்திருந்தது. இரண்டாம் இடம் என்று ஒன்றை மன்றம் வைத்துக்கொள்ளவே இல்லை.

சிவஞானம் வெளியே வரும்வரை அவள் கண்கள் அவரைத் தொடர்ந்து வந்தன. எதையும் வாங்காமல் சாத்தம் ஜெட்டிக்குப் போய், அக்கரையில் வீடு இருக்கிற பாம்பூஃப்ளாட்டுக்குப் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

*

பேச்சியம்மாவின் ஒப்பீட்டு முறை எளிமையானது. அடுப்படி அலமாரியில் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஒன்றின் கழுத்தில் நீல நூல், மற்றதில் மஞ்சள் நூல். மாதத்துக்கு ஒரு கிலோ பருப்பு நீலக் கடையில், ஒரு கிலோ மஞ்சள் கடையில். முறத்தில் கொட்டிப் பொறுக்குவாள். நீலக் கடைக் கல் நீல பாட்டிலுக்கு. மஞ்சள் கடைக் கல் மஞ்சள் பாட்டிலுக்கு. டிக். டிக். வாரக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து மட்டம் பார்ப்பாள்.

பல் உடைந்த வாரம், ஒரு கல்லைத் தபால் அட்டையில் பசை போட்டு ஒட்டி மன்றத்துக்கு அனுப்பினாள். மன்றம் பதில் எழுதவில்லை. அவளையே நுகர்வோர் உறுப்பினராக நியமித்துவிட்டது. குறை சொல்கிறவரை உள்ளே உட்கார வைத்துவிட்டால் குறையும் உள்ளேயே உட்கார்ந்துவிடும் என்பது மன்றத்தின் அனுபவம்.

ஆனால் பேச்சியம்மா உட்காரவில்லை. மாதாமாதம் கூட்டத்தில் தட்டு வைப்பார்கள். நடுவில் சோறு, வலது பக்கம் நீலக் கடைப் பருப்பில் சாம்பார், இடது பக்கம் மஞ்சள் கடைப் பருப்பில் சாம்பார். அவள் பிசைந்து, தேடி, அகப்பட்ட கல்லைத் தட்டின் விளிம்பில் அடுக்குவாள். நீலம் வலது, மஞ்சள் இடது. பிறகு படிவத்தில் ‘மோசம்’ என்று ஒரே வார்த்தை எழுதுவாள். நாளாக ஆகக் கல் குறைந்து, ஒரு கட்டத்தில் கூட்டத் தட்டில் கல்லே வரவில்லை. வீட்டுப் பாட்டிலில் மட்டும் மட்டம் ஏறிக்கொண்டே போனது. "இதுல என்னமோ இருக்கு" என்று யோசித்துக்கொண்டிருந்தாள். யோசித்து முடிப்பதற்குள் ஏப்ரல் மாதம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழவில்லை.

இப்போது சிவஞானம்தான் பொறுக்குகிறார்; இந்த மாதம்வரை பருப்பைப் பக்கத்து வீட்டுப் பையன் வாங்கி வந்து கொடுத்தான். அவள் போனபின் ஒரு விஷயத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்படியிலிருந்து டிக் என்று கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். கடல் காற்றுக்கு அலமாரி மரம் நெளிகிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். நாற்பது வருடம் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்த மனிதர். மரம் எப்படி நெளியும், என்ன சத்தம் போடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இது மரம் இல்லை.

*

பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருக்கிற நூர்முகம்மது முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"க்யா பாத் ஹை! நீங்க ரிட்டயராகி வீட்ல கெடக்கீங்க. அக்கா மௌத்தாகியும் டூட்டிக்குப் போறாங்க."

"சிரிக்காத நூரு."

"சரி, சிரிக்கல. டீ குடிங்க."

"அவ சொல்லாத வார்த்தைய அவ வாயில வச்சிருக்கானுங்கப்பா. ஊரே அதப் படிச்சிட்டுப் பருப்பு வாங்குது. யாருக்காவது பல்லு ஒடஞ்சா, பேச்சியம்மா நல்லாருக்குன்னு சொன்னாளேன்னு அவளத்தானே வைவாங்க?"

நூர்முகம்மது சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு சொல்லவாண்ணே? நீலத்துக்கும் மஞ்சளுக்கும் மெயின்லேண்டுலருந்து ஒரே கப்பல். ஒரே கண்டெய்னர். ஒரே கோடவுன். லோடு எறக்குறது என் மச்சான். மூட்டையப் பிரிச்சு, பாதிய நீலப் பையில போடுறது, பாதிய மஞ்சப் பையில போடுறது. அவ்வளவுதான்."

"அப்ப இத்தன வருஷமா மன்றத்துல எதையய்யா ஒப்பிட்டாங்க?"

"பையத்தான்."

சிவஞானம் அடுப்படி பாட்டில்களை நினைத்துக்கொண்டார். மட்டம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. எப்போதும் ஒன்றாகவேதான் இருந்தது.

"ஆஃபீஸுக்குப் போய் பேர எடுக்கச் சொல்லுங்கண்ணே," என்றார் நூர்முகம்மது. "டெத் சர்ட்டிஃபிகேட் கொண்டு போங்க. அதுக்கு மேல என்ன கேட்டுறப் போறாங்க?"

*

மன்றத்தின் செயலர் உமா மகேஸ்வரி இறப்புச் சான்றிதழை வாங்கி முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார். பின்பக்கத்தில் எதுவும் அச்சடித்திருக்கவில்லை.

"மேடம் வர்றதுல எங்களுக்கு ரொம்பத் திருப்தி சார். அட்டெண்டன்ஸ் நூறு பெர்சென்ட்."

"அவ எறந்து ஏழு மாசமாச்சும்மா."

"தெரியும் சார். நாங்க மலர்வளையம் அனுப்பினோமே, வரலையா? ஆனா இறந்தது உறுப்பினர்தான். உறுப்பினர் பதவி அஞ்சு வருஷம். நடுவுல விலகணும்னா படிவம் ஏழு. உறுப்பினர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"நேர்ல எப்படிம்மா வருவா?"

"மாசாமாசம் கூட்டத்துக்கு வர்றாங்களே சார்."

சிவஞானம் சான்றிதழை மறுபடி செயலர் பக்கம் தள்ளினார்.

"இதப் பாருங்க. கவர்மென்ட் சீல் இருக்கு."

"இருக்கு சார். இது அவங்க இறந்துட்டாங்கன்னு சொல்லுது. திருப்தி இல்லைன்னு எங்கயும் சொல்லலையே."

பையிலிருந்து இரண்டு பாட்டில்களையும் எடுத்து மேசைமேல் வைத்தார். உமா மகேஸ்வரி ஒரு பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார்.

"இந்தக் கல்லெல்லாம் வாங்கினதுக்கு ரசீது இருக்கா சார்?"

"கல்ல யாரும்மா வாங்குவா? பருப்புதான் வாங்கினோம்."

"அப்போ கல் இலவசமா வந்திருக்கு. இலவசப் பொருள் மேல நாங்க புகார் எடுக்கறதில்லை." அவர் குரலில் துளிகூடக் கோபம் இல்லை. "எதுக்கும் தலைவர் சாரைப் பாத்துட்டுப் போங்க. குடும்பத்தார் வந்தா அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

தலைவர் கிருஷ்ணமூர்த்தி இரண்டு வருடத்துக்கு மெயின்லேண்டிலிருந்து அனுப்பப்பட்டவர். சிவஞானத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, கையை விடாமலே கூட்ட அறைக்கு அழைத்துப் போனார்.

நீளமான அறை. ஒரு பக்கம் முழுக்க எட்டு ஜன்னல்கள். வெளியே பெரிய பாதாம் மரம். மேசையைச் சுற்றிப் பதினோரு நாற்காலிகள். எட்டில் ஆட்களுக்குப் பதிலாக, மாலை போட்ட படங்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. முன்னால் பெயர்ப்பலகைகள்: நிரந்தர உறுப்பினர். மீதி மூன்று நாற்காலிகளுக்கு முன்னால்: தற்காலிக உறுப்பினர். மூன்றாவது படம் பேச்சியம்மா. இந்தப் படத்தில் வாய் மூடியிருந்தது.

"உயிரோட இருக்கற நுகர்வோர்கிட்ட ஒரு கோளாறு இருக்கு மிஸ்டர் சிவஞானம்," என்றார் கிருஷ்ணமூர்த்தி. "அவங்களுக்குப் பசிக்கும். பசிக்கிற ஆள்கிட்ட நடுநிலையை எதிர்பார்க்க முடியுமா? வீட்டுல நாலு வயிறு இருக்கும். பருப்பு வேகலைன்னா கோபம் வரும். கல்லு கடிபட்டா பொறுக்கமாட்டாங்க. சொந்த அனுபவத்தைக் கொண்டுவந்து கலந்து, மொத்த மதிப்பீட்டையும் கெடுத்துடுவாங்க. நான் வந்தப்போ திருப்தி விகிதம் நாப்பத்தொண்ணு. வெட்கக்கேடு. அப்புறம் ஒவ்வொருத்தரா காலமானாங்க. அறுபது ஆச்சு, எழுபத்தஞ்சு ஆச்சு. உங்க மிஸஸ் காலமான மாசம் மட்டும் ஒன்பது பாயின்ட் ஏறிச்சு. அவங்க பங்களிப்பை நாங்க மறக்கவே மாட்டோம்."

"அவ திருப்தியா இருக்கான்னு உங்களுக்கு எப்படி சாப் தெரியும்?"

கிருஷ்ணமூர்த்தி இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்போல நிமிர்ந்தார்.

"இங்க மூடநம்பிக்கைக்கு இடமே இல்லை. எல்லாத்துக்கும் ஆதாரம் உண்டு. விதி பதினாலு. நிரந்தர உறுப்பினர்களோட தட்டை ஜன்னல்ல வைப்போம். காகம் அவங்களோட அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி. காகம் உண்டால் உறுப்பினர் உண்டார். தட்டு காலியானா திருப்தி. ஏழு மாசமா உங்க மிஸஸோட தட்டு காலி. இதுக்காகவே கூட்டத்தை அமாவாசைக்கு மாத்தினேன். அன்னைக்கு வருகை நல்லா இருக்கு."

சிவஞானம் படத்தைப் பார்த்தார்.

"நீங்களும் விண்ணப்பம் போடலாமே," என்றார் கிருஷ்ணமூர்த்தி அன்பாக. "முதல்ல தற்காலிகமாத்தான் எடுப்போம். உங்க வயசுக்குச் சீக்கிரமே நிரந்தரமாயிடுவீங்க."

*

பின்கட்டில் சமையல்காரி ஒச்சம்மா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிவஞானத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பேச்சியக்கா வீட்டுக்காரரா? வாங்கண்ணே. பேர எடுக்க வந்தீங்களாக்கும். எடுக்கமாட்டாங்க."

"காக்கா சாப்புடுதாமே, நெசந்தானா?"

"சாப்புடாம? அண்ணே, கூட்டத்துக்குன்னு ரெண்டு கடையிலருந்தும் தனியாப் பருப்பு வரும். பொறுக்கி, பாலிஷ் போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புற மாதிரி அனுப்புவானுங்க. நான் நெய்யில தாளிச்சு எறக்குறேன். காக்கா ஏன் வேண்டாங்கப்போகுது? கடையில இருக்கிற பருப்ப இந்த ஆபீஸு கண்ணால பாத்ததே இல்ல."

பேச்சியம்மா யோசித்து முடிக்காமல் போனது இதுதான்.

"ஒச்சம்மா, அமாவாசைக்கு நான் பருப்பு கொண்டாரேன். ரெண்டு கடையிலயும் அடுக்குலருந்து எடுத்தது. பொறுக்காம அப்படியே ஆக்குறியா?"

"வேல போயிரும்ணே."

"அதுவும் சரிதான். வேண்டாம்மா, விடு."

அவர் படியிறங்கும்போது ஒச்சம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த நீலக் கடை வழியாத்தான் என் வீட்டு பஸ்ஸு போகும். அக்கா அங்க கண்ணாடிக்குப் பின்னால நின்னு சிரிக்கிற மூஞ்சியப் பாக்க முடியாம ரெண்டு மாசமா நான் நடந்து போறேன். கொண்டாங்க பருப்ப. கால் வலியாவது தீரட்டும்."

*

அமாவாசையன்று பகல் பதினொன்றரைக்குக் கூட்டம் தொடங்கியது. சிவஞானத்துக்கு ‘உறவினர் பார்வையாளர்’ என்று ஓர் அட்டை கொடுத்து மூலையில் உட்கார வைத்தார்கள். மழை மேகம் கவிந்து அறை இருண்டிருந்தது. ஊதுபத்தி புகைந்தது.

"மதிப்பிற்குரிய நிரந்தர உறுப்பினர்களே, தற்காலிக உறுப்பினர்களே" என்று கிருஷ்ணமூர்த்தி ஆரம்பித்தார். முதலில் தற்காலிக உறுப்பினர்களுக்காக ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டது. அந்த மூன்று பேரும் எழுந்து நின்று தங்களுக்காகத் தாங்களே தலை குனிந்தார்கள்.

ஒச்சம்மா எட்டுத் தட்டுகளையும் எட்டு ஜன்னல்களில் வைத்தாள். நடுவில் சோறு. வலது நீலம். இடது மஞ்சள். ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போது தட்டுக்குரியவரின் பெயரை உமா மகேஸ்வரி உரக்க வாசித்தார்.

பாதாம் மரத்திலிருந்து காகங்கள் இறங்கின. பழக்கப்பட்டவைதாம், ஜன்னலுக்கு ஒன்றாக, தள்ளுமுள்ளு இல்லாமல் வந்து உட்கார்ந்தன. மூன்றாவது ஜன்னலில் வந்து உட்கார்ந்த காகத்தைப் பார்த்ததும் சிவஞானத்தின் கை நாற்காலியை இறுகப் பிடித்தது. அதன் மேலலகு நுனியில் ஓரமாக உடைந்திருந்தது.

அது சோற்றைத் தொடவில்லை. வலது பக்கத்துச் சாம்பாரில் அலகை விட்டுத் துழாவியது. எதையோ கவ்வி எடுத்தது. தட்டின் வலது விளிம்பில் வைத்தது.

டிக்.

காகம் இடது பக்கம் நகர்ந்தது. துழாவியது. எடுத்தது. இடது விளிம்பில் வைத்தது.

டிக்.

வலதில் ஒன்று, இடதில் ஒன்று. அவசரமே இல்லை. வலது விளிம்பில் ஐந்தாவது கல்லை வைத்தபோது அது இடைவெளி சரியில்லையென்று நினைத்ததுபோல் நாலாவதைக் கொஞ்சம் தள்ளி வைத்தது. மற்ற ஏழு ஜன்னல்களிலும் மற்ற ஏழு காகங்கள் தங்கள் தட்டை மறந்து இந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. வலதில் ஆறு, இடதில் ஆறு ஆனதும் அது தலையைச் சாய்த்துக் கிருஷ்ணமூர்த்தியை ஒரு பார்வை பார்த்தது. கடைக்காரர்களையும் ஆட்டோக்காரர்களையும் முப்பத்தெட்டு வருடம் சிவஞானத்தையும் பார்த்த பார்வை அது. பிறகு எல்லாக் காகங்களும் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் மரத்துக்குத் திரும்பிவிட்டன.

"பசி இருக்காது," என்றார் கிருஷ்ணமூர்த்தி. "கூப்பிடுங்க."

"கா..." என்றார் உமா மகேஸ்வரி.

"சத்தமா. இது சட்டப்படியான அழைப்பு."

தலைவரே முதல் ஜன்னலுக்குப் போய் உதட்டைக் குவித்து, "கா... கா... கா..." என்று அழைத்தார். தற்காலிக உறுப்பினர்கள் ஆளுக்கொரு ஜன்னலில் நின்று சேர்ந்துகொண்டார்கள். அடுத்த அறையிலிருந்து டைப்பிஸ்டும் டிரைவரும் வந்து கை கொடுத்தார்கள். தீவக விலை-தர ஒப்பீட்டு மன்றம் முழுவதும் இருபது நிமிடம் கா கா என்று கத்திற்று. காகங்கள் கிளையில் உட்கார்ந்து ஒரு சத்தமும் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

வியர்த்துப்போய் கிருஷ்ணமூர்த்தி உட்கார்ந்தார்.

"சார், மினிட்ஸ்ல என்ன எழுதறது?" என்றார் உமா மகேஸ்வரி. "‘உறுப்பினர் உண்டார்’னு போட முடியாது."

"இது வேற காக்கா. ஏதோ ஊர் சுத்தற காக்கா. உறுப்பினருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதுங்க."

மூலையிலிருந்து சிவஞானம் எழுந்தார். பார்வையாளர் பேசக்கூடாது என்று அட்டையின் பின்னால் அச்சடித்திருந்தது. அவர் பின்பக்கத்தைப் படித்திருக்கவில்லை.

"சாப், ஒரு சந்தேகம். இது பேச்சியம்மா இல்லன்னா, போன மாசம் நல்லாருக்குன்னு சொன்னது யாரு?"

இந்தக் காகம் உறுப்பினர் இல்லையென்றால் எந்தக் காகமும் உறுப்பினர் இல்லை. ஏழு மாதச் சான்றிதழ்கள், மெயின்லேண்டுக்கு அனுப்பிய அறிக்கைகள், நூறு பெர்சென்ட் வருகை எல்லாம் பாதாம் மரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கிருஷ்ணமூர்த்தி மூன்றாவது நாற்காலியின் படத்தைப் பார்த்தார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"எழுதுங்க. உறுப்பினர் திருமதி பேச்சியம்மா கூட்டத்துக்கு வந்திருந்தார். உண்ண மறுத்தார். தட்டில் கல் அடுக்கினார். மேலும், மற்ற ஏழு நிரந்தர உறுப்பினர்களையும் உண்ணாதபடி தூண்டிவிட்டார். இது ஒழுங்கீனம்."

*

குற்றக் குறிப்பாணை பதிவுத் தபாலில் வந்தது. பெறுநர்: திருமதி பேச்சியம்மா, பாம்பூஃப்ளாட். ஏழு நாட்களுக்குள் தாங்கள் விளக்கம் அளிக்காவிட்டால், குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டதாகக் கருதி உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கப்படுவீர்கள்.

நூர்முகம்மது அதை இரண்டு தடவை படித்தார்.

"அண்ணே, இதுதானே நமக்கு வேணும்? பேசாம இருந்தா பேரு போயிரும்."

"பேசாம இருக்கணுமே," என்றார் சிவஞானம்.

அவருக்கு அந்தக் கவலைதான். ஒரு குற்றம் சாட்டினால் ஒரு நிமிடம்கூடப் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாதவள் பேச்சியம்மா. வீட்டுக்குப் போன உடனே அடுப்படி ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். கதவிடுக்கில் பழைய வேட்டியைச் செருகினார். மொட்டை வெயிலிலும் வீட்டை மூடி வைத்துக்கொண்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார்.

முதல்நாள் மதியம் ஜன்னல் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். இரண்டாம் நாளும் தட்டினார்கள். மூன்றாம் நாள் தட்டல் பலமாக இருந்தது. ஐந்தாம் நாள், முன்னறையில் உட்கார்ந்தபடியே அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"பேச்சி, உனக்குக் கோடி புண்ணியமாப் போவும். இன்னும் ரெண்டே ரெண்டு நாள். ஆயுசுக்கும் பேசிட்டே. இந்த ஒரு தடவ சும்மா இரேன்."

தட்டல் நின்றது. பிறகு, அவர் சொல்லிவிட்டாரே என்பதற்காக, இன்னொரு முறை தட்டியது.

ஒன்பதாம் நாள் ஆணை வந்தது. மன்றத்தின் வழக்கப்படி வாசகம் தெளிவாக இருந்தது. ‘மேற்படி உறுப்பினர் இரு கடைகளின் பொருள்கள் மீதும் திருப்தியின்மையை வெளிப்படையாகத் தெரிவித்தார் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானதால் பதவிநீக்கம் செய்யப்படுகிறார். அவரது பெயரையோ படத்தையோ இனி எவரும் பயன்படுத்தக் கூடாது.’ அவளைப் பற்றி அரசாங்கத் தாளில் எழுதப்பட்ட முதல் உண்மை அதுதான். சிவஞானம் அதைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்துவிட்டு, அடுத்த படகில் கடைக்குப் போனார்.

நீலக் கடையில் அவளைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் நாலாவது நாற்காலியின் படம் கும்பிட்டுக்கொண்டு நின்றது. அவருக்கும் புதிய பல்.

"இத நான் எடுத்துக்கவா?" என்று கேட்டார்.

மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சும்மா தர முடியாது சார், ஸ்டாக்ல இருக்கு. பழைய ஃபிளெக்ஸ் இருபது ரூபா. ஆஃபர் போகுது. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்."

மஞ்சள் கடையிலிருந்து கழற்றிய பேச்சியம்மாவும் இரண்டு கடைக்கும் பொதுவான அதே கோடவுனுக்குத் திரும்பி வந்திருந்தாள்.

இரண்டு பேரையும் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு படகேறினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடுப்படி ஜன்னலைத் திறந்தார். காற்று உள்ளே வந்தது. வெளிவிளிம்பில், ஒரே சீராக, இடைவெளி விட்டு ஏழு கற்கள் அடுக்கியிருந்தன. நாளுக்கு ஒன்று. குறித்த கெடுவுக்குள் அவள் விளக்கம் அளித்திருந்தாள். அவர்தான் சேர்ப்பிக்கவில்லை.

"கோவிச்சுக்காத," என்றார்.

கற்களைப் பொறுக்கிக் கொண்டுவந்து, எந்தப் பாட்டிலில் போடுவதென்று சற்று நின்றார். பிறகு இரண்டு பாட்டில்களையும் ஒரே பாட்டிலில் கொட்டி, ஏழையும் அதன்மேல் போட்டு, இரண்டு நூல்களையும் அதன் கழுத்திலேயே கட்டினார்.

ஃபிளெக்ஸைத் தரையில் விரித்தார். மார்க்கர் பேனாவைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஃபிட்டர் கையின் கவனத்தோடு, மேல்வரிசை முன்பல்லின் ஓரத்தைக் கறுப்பு மையால் உடைத்தார். சிரிப்பு போய்விட்டது. அந்த இடத்தில், ஏதோ சொல்ல வாயெடுக்கிற அவள் முகம் வந்தது.

அடுத்ததையும் விரித்தார். இலவசமாக வந்தவளுக்கும் அதே பல், அதே ஓரம், அதே அளவு. முடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தரத்தில் ஏதும் வித்தியாசம் இருக்கிறதா என்று நெடுநேரம் பார்த்தார்.